அயனிச் சேர்மங்களுக்குப் பெயரிடுவதும் வாய்பாடு எழுதுவதும்: தமிழ்வழி மாணவருக்கான வழிகாட்டி

பத்தாம் வகுப்பை முடித்துப் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்ந்திருப்பவர்கள், பாலிடெக்னிக் முதலாண்டில் வேதியியலைச் சந்திப்பவர்கள், நீட் தேர்வுக்குத் தமிழில் தயாராகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இதற்கு வேண்டிய செய்திகள் பாடநூல்களில் இல்லாமல் இல்லை. ஆனால் அவை ஒன்பதாம் வகுப்பில் கொஞ்சம், பத்தாம் வகுப்பில் கொஞ்சம், பதினொன்றில் மோல் கணக்கின் நடுவே கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர எனக்கு வெகுநாள் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு பிடிக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள்: வாய்பாடுகளை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்ய வேண்டியவை ஏறத்தாழ நாற்பது அயனிகளும் (மின்சுமை பெற்ற அணுக்கள் அல்லது அணுக்கூட்டங்கள்) அவற்றின் மின்சுமைகளும் மட்டுமே. அவை கைக்கு வந்துவிட்டால் நூற்றுக்கணக்கான சேர்மங்களின் வாய்பாடு வெறும் கூட்டல் கணக்காகிவிடும். அந்தக் கணக்கில் பிழை நேர்ந்தால் அது அங்கேயே நிற்பதில்லை. கால்சியம் குளோரைடில் கால்சியம் 1, குளோரின் 2 என்பதற்குப் பதிலாகக் குளோரினை ஒன்றாக எழுதினால், 111 ஆக இருக்க வேண்டிய வாய்பாட்டு நிறை 75.5 ஆகும், அதைக் கொண்டு போடும் மோல் கணக்கும், கரைசலின் செறிவும், சமன்பாடும் வரிசையாகத் தவறும்.

இந்தக் கட்டுரையில் வாய்பாடுகளை மேலே சொன்னதுபோல் "கால்சியம் 1, குளோரின் 2" என்று வாசகமாகவே தருகிறேன். ஒவ்வொன்றையும் நீங்கள் தனிமக் குறியீடுகளாக மாற்றித் தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கண்ணால் மட்டும் படித்துக்கொண்டு போனால் இந்தப் பாடம் கைக்கு வராது.

1. கையில் இருக்க வேண்டியவை, செலவு, காலம்

தனிம வரிசை அட்டவணை ஒன்று வேண்டும். கடைகளில் விற்கும் வண்ணச் சுவரொட்டியை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் பாடநூலில் உள்ளதை ஒரு பக்கம் நகல் எடுத்து மேசைமீது ஒட்டிக்கொண்டால் போதும். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் இணையதளத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான அறிவியல், வேதியியல் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரு மொழிப் பதிப்புகளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான காரணத்தை மூன்றாம் படியில் சொல்கிறேன். இவற்றோடு கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகமும், வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் பத்துப் பன்னிரண்டும் தேவை. நகலுக்கும் நோட்டுக்கும் ஆகும் சில்லறையைத் தவிர வேறு செலவு கிடையாது. "சூத்திரக் கையேடு" என்று கடையில் விற்பவை பெரும்பாலும் வாய்பாடுகளின் பட்டியலாகவே இருப்பதால் அவற்றுக்குப் பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு, மூன்று வாரங்களில் இது முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் நாற்பது அயனிகளும் நினைவில் தங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். புதன்கிழமைக்குள் பாதி போய்விடும்.

2. அயனிகளை மூன்று பட்டியல்களாகப் பிரியுங்கள்

முதல் பட்டியல், மின்சுமை மாறாத தனி அயனிகள். இவற்றுக்கு மனப்பாடமே வேண்டியதில்லை, அட்டவணையில் இருக்கும் இடமே விடை சொல்லிவிடும். முதல் தொகுதியின் உலோகங்களுக்கு 1+, இரண்டாம் தொகுதிக்கு 2+, அலுமினியத்துக்கு 3+. மறுபக்கம் ஹாலஜன்களுக்கு 1−, ஆக்சிஜனுக்கும் கந்தகத்துக்கும் 2−, நைட்ரைடு, பாஸ்பைடு இரண்டுக்கும் 3−. இடத்தைக் கொண்டு சொல்ல முடியாதவற்றில் வெள்ளிக்கு 1+, துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் 2+ என்று தனியே குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலுக்கு இரண்டு நாள் போதும்.

இரண்டாம் பட்டியல், மின்சுமை மாறும் உலோகங்கள். இரும்புக்கு 2+, 3+. தாமிரத்துக்கு 1+, 2+. வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் 2+, 4+. கோபால்ட்டுக்கு 2+, 3+. பாதரசம் ஒரு தனிப்பிறவி. அதன் தாழ்ந்த நிலையில் இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து, இரண்டுக்கும் சேர்த்து 2+ என்ற மின்சுமையைக் கொண்டிருக்கும். உயர்ந்த நிலையில் ஒற்றை அணு 2+ ஆக இருக்கும். இந்த உலோகங்களின் மின்சுமையை உலோகத்தின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ரோமன் இலக்கத்தில் எழுதுவதே இன்றைய முறை. நான் இங்கே அதை "இரும்பு (மூன்று) குளோரைடு" என்று எழுத்தால் காட்டுகிறேன்.

பழைய பெயர்களையும் விட்டுவிட முடியாது. மாத்திரை அட்டையிலும் ஆய்வகப் புட்டியிலும் ஃபெரஸ், ஃபெரிக், குப்ரஸ், குப்ரிக், ஸ்டானஸ், ஸ்டானிக் என்பவையே இன்னும் காணக்கிடைக்கின்றன. "அஸ்" என்றால் இரண்டு, "இக்" என்றால் மூன்று என்று இரும்பை வைத்துப் பழகியவர்கள் தாமிரத்தில் தவறாமல் சறுக்குவார்கள். குப்ரஸ் 1+, குப்ரிக் 2+. ஸ்டானஸ் 2+, ஸ்டானிக் 4+. அந்த ஈறுகள் எண்ணைச் சொல்வதில்லை. அந்த உலோகத்துக்குரிய இரு நிலைகளில் தாழ்ந்தது எது, உயர்ந்தது எது என்பதை மட்டுமே சொல்கின்றன.

மூன்றாம் பட்டியலான பல்லணு அயனிகளுக்குத்தான், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்கள் பிணைந்து ஒரே அயனியாக நிற்பவற்றுக்குத்தான், உண்மையான உழைப்பு தேவைப்படுகிறது. உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். நேர் அயனியாக அம்மோனியம் ஒன்று, 1+. எதிர் அயனிகளில் 1− உடையவை ஹைட்ராக்சைடு, நைட்ரேட்டு, நைட்ரைட்டு, அசிட்டேட்டு, சயனைடு, பெர்மாங்கனேட்டு. 2− உடையவை சல்பேட்டு, சல்பைட்டு, கார்பனேட்டு, குரோமேட்டு, டைகுரோமேட்டு, தயோசல்பேட்டு. 3− உடையது பாஸ்பேட்டு.

இங்கே மூன்று உறவுகளைப் பிடித்துக்கொண்டால் சுமை வெகுவாகக் குறையும். "ஏட்டு" என முடிவதை "ஐட்டு" என மாற்றினால் ஆக்சிஜன் ஒன்று குறையும், மின்சுமை மாறாது: நைட்ரேட்டில் ஆக்சிஜன் 3, நைட்ரைட்டில் 2, இரண்டுக்கும் 1− தான். இதை வைத்துக்கொண்டு "ஏட்டு என்றால் எப்போதும் நான்கு ஆக்சிஜன்" என்று ஒரு விதியை நீங்களாக உண்டாக்கிவிடாதீர்கள். சல்பேட்டிலும் பாஸ்பேட்டிலும் நான்கு, நைட்ரேட்டிலும் கார்பனேட்டிலும் மூன்று. இரண்டாவது உறவு, குளோரின் குடும்பத்தில் நாலு படிகள் உண்டு என்பது: ஹைப்போகுளோரைட்டு, குளோரைட்டு, குளோரேட்டு, பெர்குளோரேட்டு ஆகியவற்றில் ஆக்சிஜன் முறையே 1, 2, 3, 4, எல்லாமே 1−. தீக்குச்சித் தலையில் இருப்பது இவற்றுள் மூன்றாம் படியான குளோரேட்டு, பொட்டாசியத்தோடு சேர்ந்தது. மூன்றாவது, எதிர் அயனியில் ஒரு ஹைட்ரஜன் ஏறினால் எதிர் மின்சுமை ஒன்று குறையும். கார்பனேட்டு 2−, ஹைட்ரஜன் கார்பனேட்டு 1−. பாஸ்பேட்டு 3−, ஹைட்ரஜன் பாஸ்பேட்டு 2−, டைஹைட்ரஜன் பாஸ்பேட்டு 1−. "பைகார்பனேட்டு" என்று சமையல் சோடாப் பொட்டலத்தில் இருப்பதும் ஹைட்ரஜன் கார்பனேட்டுதான். அந்த "பை"க்கும் இரண்டு என்ற எண்ணுக்கும் வாய்பாட்டில் எந்தத் தொடர்பும் இல்லை.

பெர்மாங்கனேட்டையும் மாங்கனேட்டையும் மட்டும் இந்த உறவுகளுக்குள் அடக்காதீர்கள். இரண்டிலும் மாங்கனீசு 1, ஆக்சிஜன் 4. முன்னதற்கு 1−, பின்னதற்கு 2−.

3. "டு", "ட்டு" இரண்டையும் பிரித்து எழுதப் பழகுங்கள்

தமிழில் படிப்பவர்களுக்கு மட்டுமே உரிய பொறி இது. நூல்களும் வினாத்தாள்களும் சில சமயம் "சல்பைட்" என்று புள்ளி வைத்த மெய்யோடு நிறுத்திவிடுகின்றன. அந்த எழுத்தை வல்லொலியாகவும் படிக்கலாம், மெலிந்த ஒலியாகவும் படிக்கலாம் என்பதால், கந்தகம் மட்டும் உள்ள 2− அயனியா, கந்தகம் 1, ஆக்சிஜன் 3 உள்ள 2− அயனியா என்று அந்தச் சொல்லைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் மின்சுமை ஒன்றே ஆதலால் கணக்கும் உங்களைக் காட்டிக்கொடுக்காது.

உங்கள் நோட்டில் தனி அயனியை "டு" என்றும் (சல்பைடு, நைட்ரைடு, குளோரைடு), ஆக்சிஜன் சேர்ந்த பல்லணு அயனியை "ட்டு" என்றும் (சல்பைட்டு, நைட்ரைட்டு, சல்பேட்டு) எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஹைட்ராக்சைடு, பெராக்சைடு, சயனைடு ஆகியவை பல்லணு அயனிகளாக இருந்தும் "டு" என முடிபவை. இவற்றை விதிவிலக்காகக் குறித்துக்கொள்ளலாம். பாடநூலில் ஐயமான சொல் வந்தால் ஆங்கிலப் பதிப்பின் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீட் தேர்வில் தமிழைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள்தான் தரப்படுகிறது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. ஆகவே பெயர் ஐயமாக இருக்கும் வினாவில் ஆங்கில வரியை ஒருமுறை பார்ப்பதற்கு ஆகும் சில நொடிகள் வீணல்ல.

ஆய்வகத்தில் இந்த வேறுபாட்டை மூக்கே உணர்த்திவிடும். நீர்த்த அமிலம் விட்டால் சல்பைடு அழுகிய முட்டை நாற்றத்தையும், சல்பைட்டு எரியும் கந்தகத்தின் நெடியையும் தரும். மருத்துவத்தில் இதுவே உயிர்ப்பிரச்சினை. வயிற்றை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் குடிக்கக் கொடுக்கும் பேரியம் சல்பேட்டு நீரில் கரையாததால் கேடு செய்யாமல் வெளியேறிவிடுகிறது. பேரியம் சல்பைடோ நஞ்சு.

4. பெயரிலிருந்து வாய்பாட்டுக்கு: அட்டை முறை

கல்யாணப் பத்திரிகைகளை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மின்சுமைக்கு 2 செ.மீ. அகலம் என்று அளவு வைத்து அயனிக்கு ஓர் அட்டையாக வெட்டுங்கள். சோடியம் 2 செ.மீ., கால்சியம் 4 செ.மீ., அலுமினியம் 6 செ.மீ., வெள்ளீயம் (நான்கு) 8 செ.மீ. எதிர் அயனிகளுக்கும் அதே அளவுதான்: குளோரைடு 2, சல்பேட்டு 4, பாஸ்பேட்டு 6. உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு படிகள் வெட்டி, முன்பக்கம் பெயரையும் பின்பக்கம் குறியீட்டையும் மின்சுமையையும் எழுதுங்கள்.

சேர்மத்தில் மொத்த நேர் மின்சுமையும் மொத்த எதிர் மின்சுமையும் சமமாக இருக்க வேண்டும்; அட்டையில் அது இரு வரிசைகளின் நீளம் ஒத்திருப்பது. அலுமினியம் சல்பேட்டுக்கு வாய்பாடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேல் வரிசையில் அலுமினியம் ஒன்று வைத்தால் 6 செ.மீ.; கீழே சல்பேட்டு ஒன்று 4, இரண்டு 8. நீளம் ஒக்கவில்லை. மேலே இன்னொரு அலுமினியம் வைத்து 12 ஆக்கி, கீழே மூன்றாம் சல்பேட்டையும் வைத்தால் இரு வரிசைகளும் சரியாக ஒரே இடத்தில் முடியும். அலுமினியம் 2, சல்பேட்டு 3. இரு வரிசைகளும் முதன்முறையாக ஒத்துப்போகும் இடத்திலேயே நிறுத்திவிடுவதால் கிடைப்பது எப்போதும் எளிய விகிதமாகவே இருக்கும். கால்சியம் பாஸ்பேட்டு, மக்னீசியம் நைட்ரைடு, இரும்பு (மூன்று) ஆக்சைடு, அம்மோனியம் கார்பனேட்டு ஆகிய நான்கையும் இப்படியே வைத்துப் பாருங்கள். விடைகள் முறையே 3க்கு 2, 3க்கு 2, 2க்கு 3, 2க்கு 1.

பள்ளிகளில் சொல்லித்தரும் குறுக்கு மாற்று முறையில் ஒன்றன் மின்சுமை எண்ணை மற்றதன் கீழ்க்குறியாக இறக்குவார்கள். வேகமான முறைதான், ஆனால் அது மக்னீசியம் ஆக்சைடுக்கு "மக்னீசியம் 2, ஆக்சிஜன் 2" என்றும், காரீயம் (நான்கு) ஆக்சைடுக்கு "காரீயம் 2, ஆக்சிஜன் 4" என்றும் தரும். சுருக்க மறந்தால் மதிப்பெண் போயிற்று. சுருக்கக் கூடாதவற்றைச் சுருக்கிவிடும் ஆபத்தும் எதிர்ப்பக்கம் உண்டு. சோடியம் பெராக்சைடில் சோடியம் 2, ஆக்சிஜன் 2. பாதரசம் (ஒன்று) குளோரைடில் பாதரசம் 2, குளோரின் 2. இவற்றை ஒன்றுக்கு ஒன்று என்று ஆக்கக் கூடாது, ஏனெனில் பெராக்சைடு என்பதே இரண்டு ஆக்சிஜன்கள் பிணைந்த ஒரே அயனி, 2−. அந்தப் பாதரச இணையும் அப்படித்தான். அட்டை வெட்டும்போதே பெராக்சைடு இணைக்கு ஒன்று, பாதரச இணைக்கு ஒன்று என்று தனித்தனி 4 செ.மீ. அட்டையில் எழுதிவிட்டால் குழப்பம் எழாது.

ஒரு வாரம் அட்டையில் பழகிய பிறகு அதை ஒதுக்கிவிட்டு மனத்தாலேயே செய்யுங்கள். தேர்வறையில் அட்டை கிடையாது. நீட் தேர்வில் 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள்தான், அதில் வாய்பாட்டுக்கென்று தனியாக நிமிடம் கிடைக்காது.

5. எழுதும்போது கவனிக்க வேண்டியவை

நேர் அயனி முன்னால், எதிர் அயனி பின்னால். சேர்ந்து முடிந்த வாய்பாட்டில் மின்சுமைகளை எழுதக் கூடாது. பல்லணு அயனி ஒன்றுக்கு மேல் வந்தால் அதை அடைப்புக்குறிக்குள் இட்டு எண்ணை வெளியே இறக்க வேண்டும். மக்னீசியம் ஹைட்ராக்சைடில் அடைப்புக்குறியை விட்டுவிட்டால் ஆக்சிஜன் 1, ஹைட்ரஜன் 2 என்று பொருள் மாறிவிடும். ஒன்றே ஒன்றாக இருந்தால் அடைப்புக்குறி வேண்டாம். கால்சியம் நைட்ரேட்டின் அடைப்புக்குறியைப் பிரித்து "நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 6" என்று கூட்டி எழுதுவதும் தவறு. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அதில் நைட்ரேட்டு எங்கே இருக்கிறது என்பது தெரியாது.

குறியீட்டின் இரண்டாம் எழுத்து சிறிய எழுத்தாகவே இருக்க வேண்டும். கோபால்ட்டின் குறியீட்டில் அதைப் பெரிதாக எழுதினால் திருத்துபவரின் கண்ணுக்கு அது கார்பன் மோனாக்சைடு. சோடியம், பொட்டாசியம், இரும்பு, தாமிரம், வெள்ளி, வெள்ளீயம், காரீயம், பாதரசம் ஆகியவற்றின் குறியீடுகள் ஆங்கிலப் பெயரோடு ஒட்டாதவை என்பதால் அவற்றைத் தனியே ஒரு பக்கத்தில் எழுதிப் பழகுங்கள்.

6. வாய்பாட்டிலிருந்து பெயருக்கு

வாய்பாட்டைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முன்னால் இருப்பது உலோகமோ அம்மோனியமோ ஆகுமா என்பது. ஆகும் என்றால் "டை", "ட்ரை" போன்ற எண்ணுமுன்னொட்டுகளுக்கு வேலை இல்லை. கால்சியம் 1, குளோரின் 2 என்பது கால்சியம் குளோரைடுதான், "கால்சியம் டைகுளோரைடு" அல்ல. கார்பன் டைஆக்சைடு போன்ற அலோகச் சேர்மங்களுக்கே அந்த முன்னொட்டுகள் உரியவை. டைகுரோமேட்டிலும் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டிலும் வரும் "டை" அந்த அயனியின் பெயருக்குள் அடங்கியது, அதைத் தொடாதீர்கள்.

உலோகம் இரண்டாம் பட்டியலைச் சேர்ந்ததாக இருந்தால் மின்சுமையைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும், அதுவும் எப்போதும் எதிர் அயனியின் பக்கமிருந்து. இரும்பு 2, சல்பேட்டு 3 என்றால் மொத்த எதிர் மின்சுமை 6. அதை இரண்டு இரும்புகள் பகிர்ந்துகொண்டால் ஒன்றுக்கு 3+. ஆகவே இரும்பு (மூன்று) சல்பேட்டு. கீழ்க்குறியில் இருக்கும் எண்ணை அப்படியே ரோமன் இலக்கமாக்கி "இரும்பு (இரண்டு)" என எழுதுவதுதான் இந்தப் பாடத்திலேயே அதிகம் காணப்படும் பிழை. ரோமன் இலக்கம் சொல்வது ஓர் அணுவின் மின்சுமையை. அணுக்களின் எண்ணிக்கையை அது சொல்வதில்லை. அதேபோல் சோடியத்துக்கும் கால்சியத்துக்கும் ரோமன் இலக்கம் போட வேண்டாம். மாறாத ஒன்றைச் சொல்லிக்காட்டத் தேவையில்லை.

கணக்கு விசித்திரமான விடையைத் தந்தால் எதிர் அயனியைச் சந்தேகியுங்கள். பொட்டாசியம் 1, ஆக்சிஜன் 2 என்ற சேர்மத்தில் ஆக்சிஜனுக்கு 2− வீதம் போட்டால் பொட்டாசியம் 4+ ஆக வேண்டிவரும், அது நடக்காது. அங்கிருப்பது இரண்டு ஆக்சிஜன்களுக்கும் சேர்த்து 1− கொண்ட சூப்பர்ஆக்சைடு. இரும்பு 3, ஆக்சிஜன் 4 என்பதில் பின்னம் வருவதற்குக் காரணம் வேறு: இரும்பு (இரண்டு) ஒன்றும் இரும்பு (மூன்று) இரண்டும் அதில் கலந்திருக்கின்றன.

7. படிகநீர் உள்ள உப்புகள்

சில உப்புகளின் படிகத்தில் நீர் மூலக்கூறுகளும் சேர்ந்திருக்கும். அவற்றுக்கு வாய்பாட்டின் பின்னால் நடுப்புள்ளி வைத்து நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சேர்க்க வேண்டும். பெயரில் "பென்டாஹைட்ரேட்டு", "ஹெப்டாஹைட்ரேட்டு" என்று வரும். மயில்துத்தமாகிய தாமிர (இரண்டு) சல்பேட்டில் நீர் 5, அன்னபேதியாகிய இரும்பு (இரண்டு) சல்பேட்டில் 7, சலவைச் சோடாவில் 10, ஜிப்சத்தில் 2. மாவுக்கட்டுக்குப் பயன்படும் பாரிஸ் சாந்தில் அரை மூலக்கூறு. நீரை விட்டுவிட்டு நிறை கணக்கிட்டால் மயில்துத்தத்துக்கு 249.5க்குப் பதில் 159.5 என்று வரும். கரைசல் தயாரிக்கும் செய்முறையில் நேரும் செறிவுப் பிழைகளில் பல இங்கிருந்து வருபவை. புட்டியின் மேலுள்ள சீட்டில் "நீரற்ற" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே தராசைத் தொடுங்கள்.

8. சீட்டுகளைக் கொண்டு பயிற்சி

பயிற்சித் தாள் தேடி அலைய வேண்டியதில்லை. மருந்துக்கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும் பொட்டலங்களின் மேல் வேண்டிய அளவு வினாக்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படியான உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட்டு டைஹைட்ரேட்டு 2.9 கிராம் இருக்கும் (மீதியுள்ள 13.5 கிராம் குளுக்கோஸ் அயனிச் சேர்மம் அல்ல). சிட்ரேட்டு 3− என்பதால் சோடியம் மூன்று வந்தது. முன்னொட்டு கூடாது என்று மேலே சொன்ன விதியை வணிகப் பெயர்கள் மீறும் என்பதற்கு அது ஒரு சான்று. டிஏபி மூட்டையிலுள்ள டைஅம்மோனியம் பாஸ்பேட்டும் அவ்வாறே: பெயரைப் பார்த்து அம்மோனியம் 2, பாஸ்பேட்டு 1 என்று எழுதினால் மின்சுமை சமன்படாது. உள்ளே இருப்பது ஹைட்ரஜன் பாஸ்பேட்டு, 2−.

கொஞ்சம் கடினமானது வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பொட்டாசியம் ஒன்று, அலுமினியம் ஒன்று, நீர் பன்னிரண்டு. இரண்டு நேர் அயனிகளும் சேர்ந்து 4+. எனவே சல்பேட்டு எத்தனை வர வேண்டும் என்பதை நீங்களே அட்டையில் வைத்துப் பாருங்கள்.